அரைக்காலில் பாதி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கிளெமென்ட் வண்டியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது உறுதியாக ஞாபகம் இருக்கிறது. தெக்லாவின் முகமும் ஞாபகம் இருக்கிறது. யார் எந்த வார்த்தையை முதலில் சொன்னார்கள் என்பதில்தான் குழப்பம். கிளெமென்ட்டின் மனைவி ஹெட்விக் சொல்லிக் கேட்டது, நான் நேரில் கேட்டது, இரண்டையும் வருஷக்கணக்கில் மனதுக்குள் புரட்டிப் புரட்டி, எது எங்கிருந்து வந்தது என்று இப்போது பிரித்தெடுக்க முடியவில்லை.

வறட்சியில் மட்டும் சந்தேகம் இல்லை. தெற்கு டெக்ஸஸில் எங்கள் சிஸ்னா ஊர்ப் பக்கத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் அந்த வருஷத்தைச் சொல்வார்கள். குளத்து அடிச்சேறு ஓடு ஓடாக வெடித்துக் கிடந்தது. ஞாயிறு பூசையில் பாதிரியார் மழைக்காக ஜெபிக்கச் சொல்வார். ஜெபித்துவிட்டு வெளியே வந்தால், எண்ணெய்க் கம்பெனி லாரிகள் கிளப்பிவிட்ட வெள்ளைப் புழுதி கல்லறைச் சிலுவைகளின் மேல் படிந்திருக்கும். அந்தியானாலும் இருட்டாது. கிணறுகளில் வீணாகும் வாயுவை உயரமான குழாய் முனைகளில் எரித்துக்கொண்டே இருந்தார்கள். வானத்தின் ஒரு மூலை எப்போதும் செம்மையாகத் துடித்துக்கொண்டிருக்கும். நாய்களுக்குத் தூக்கம் போயிற்று. எங்களுக்கும்தான்.

கிளெமென்ட் டுடாவின் நிலம் என் வேலிக்கு அந்தப் பக்கம். நூற்றறுபது ஏக்கர். எழுபதைத் தாண்டிய மனிதர், இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னால், மழை வரட்டும் என்பார். மழைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதில்லை. எங்கள் ஆட்கள் அப்படி எல்லாவற்றையும் மழையோடு முடிச்சுப் போட்டு வைப்பவர்கள்.

புல் போனதும் நாங்கள் கள்ளி சுட ஆரம்பித்தோம். முதுகில் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, நீளமான இரும்புக் குழாய் முனையில் நெருப்பைப் பீய்ச்சி, சப்பாத்திக்கள்ளியின் முள்ளை மட்டும் பொசுக்கவேண்டும். மடல் வேகக் கூடாது. வெந்தால் மாடு கழிந்தே செத்துப்போகும். அந்தக் குழாய் போடும் இரைச்சலைக் கேட்டதும் கிளெமென்ட்டின் சிவப்புப் பசுக்கள் எங்கிருந்தாலும் கத்திக்கொண்டு ஓடிவரும். நெருப்பு தணியும் முன்பே வாயை வைக்கும். அவர் சுடுவார். நான் நனைத்த சாக்கோடு பின்னால் போய், சருகில் விழும் பொறியை அடித்து அணைப்பேன். காடு பற்றிக்கொண்டால் ஊரே போய்விடும்.

"லாம்பர்ட், அந்த ஒத்தைக் கொம்பிய தள்ளி விடுடா. மூஞ்சிய சுட்டுக்கப் போவுது."

"உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு அதுக்குத் தெரியும். அதான் கிட்ட வருது."

"எனக்குத் தெரியலன்னு யாரு சொன்னா? மங்கலா நாலு தெரியுது. அதுல ஒண்ணு நீ."

அந்த நிலத்தில்தான் முந்தைய குளிர்காலம் கம்பெனி கிணறு இறக்கியது. எண்ணெய் நன்றாகவே வந்தது. ஆனால் கிளெமென்ட் கைக்கு ஒன்றும் வரவில்லை. அடிமண்ணில் யாருக்கு எத்தனை ஏக்கர் என்பதில் சிக்கல் இருக்கிறது, தீரும்வரை பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. மேல்மண் ஒருவருக்கும் அடிமண் வேறொருவருக்கும் இருப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். மேலே மாடு மேய்ப்பவனுக்கே கீழே இருக்கும் எண்ணெயும் சொந்தம் என்று கிடையாது.

கிளெமென்ட்டின் அப்பா இக்னாஸ், மேல்மண் முழுவதையும் மகனுக்கு எழுதிவிட்டார். அடிமண்ணில் மட்டும் மகள் தெக்லாவுக்கு ஒரு பங்கு. பத்திரத்தில் இருந்த சொல் இதுதான்: அரைக்காலில் பாதி. எட்டில் ஒன்று அரைக்கால், அதில் பாதி வீசம், பதினாறில் ஒன்று. ஊரில் எல்லோருக்கும் இது தெரியும். கத்தோலிக்க வீட்டுப் பெண்ணான தெக்லா ஒரு லுத்தரன்காரனைக் கட்டிக்கொண்டு போனாள். ஜெர்மன்காரன், ஓட்டோ ரீமர். கல்யாணத்துக்கு அப்பா போகவில்லை. அடுத்த வருஷம் பத்திரம் எழுதினார். வீசம் என்பது தண்டனை என்று தெக்லா எடுத்துக்கொண்டாள். ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. யாராவது பெயரைக் கேட்டால், "நான் டுடா வீட்டு வீசம்" என்று சொல்வாளாம். சிரித்துக்கொண்டே சொல்வாளாம். அப்பா செத்தபோது அவள் வரவில்லை. அன்றைக்கு வான்கோழி ஆலையில் வேலைக்குப் போனாள்.

கம்பெனிக்காகப் பழைய பத்திரங்களைத் தோண்டிப் பார்த்து, யாருக்கு எத்தனை ஏக்கர் என்று கணக்குப் போடும் ஆள் ஒருவன் வந்துபோய்க்கொண்டிருந்தான். வெஸ்லி ஹார்ப், ஓக்லஹோமாக்காரன். காலணியில் சேறு பட்டதே இல்லை, படச் சேறும் இல்லை. ஆகஸ்டில் ஒரு மத்தியானம் நாங்கள் கள்ளி சுட்டுவிட்டுக் கரியும் வியர்வையுமாக வந்தபோது, அவன் ஹெட்விக்கின் சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். கோழி ரசத்தில் வீட்டு நூடுல்ஸ் போட்டு, பக்கத்தில் புகையில் வாட்டிய பன்றித் தொத்திறைச்சியை வெட்டி வைத்திருந்தாள் ஹெட்விக். அந்த வெக்கையிலும் சூடான ரசம். அவள் வீட்டில் வேறு மாதிரி நடக்காது.

"சார், உங்க அக்காகிட்ட போன்ல பேசிட்டேன்," என்றான் வெஸ்லி. "தன் பங்கு வீசம்தான்னு அவங்களே சொல்றாங்க. வெள்ளிக்கிழமை பேப்பர் கொண்டுபோனா கையெழுத்துப் போட்டுடுவாங்க. நூத்தறுபதுல வீசம், பத்து ஏக்கர். மீதி நூத்தம்பது உங்களுது. கம்பெனி உடனே விட்டுடும்."

"அப்போ இத்தனை மாசம் எதுக்குய்யா பிடிச்சு வெச்சிருந்தீங்க?" ஹெட்விக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "இந்தப் பத்து ஏக்கரைக் கண்டுபிடிக்கவா?"

"எங்க வக்கீலுக்கு ஒரு சந்தேகம், மேடம்."

"எங்க வீட்டுல எட்டுக்கு மேல யாரும் படிக்கல. புரியற மாதிரி சொல்லு."

வெஸ்லி வாயைத் துடைத்துக்கொண்டான். "அந்தக் காலத்துல எண்ணெய்க் குத்தகைன்னா வர்ற பணத்துல நிலக்காரருக்கு அரைக்கால்தான். யாரும் கூடக் கேக்கல, யாரும் குறைச்சும் கொடுக்கல. அதனால ஜனங்க, அடியில தனக்குச் சொந்தமா இருக்கறதே அரைக்கால்தான்னு நெனைச்சுட்டாங்க. இருக்கறது முழுசும் தன்னுது, குத்தகைக்கு விட்டப்புறம்தான் அரைக்கால் ஆகுதுன்னு தோணல. அதனால பாதி கொடுக்க நெனைக்கிறவங்க, 'அரைக்காலில் பாதி'ன்னு எழுதுவாங்க. எங்கிட்ட இருக்கறதுல பாதின்னு அர்த்தம். உங்க மாவட்ட ஆபீஸ்ல இப்படி எத்தனையோ பத்திரம் கெடக்கு, சார். இப்போ நிலக்காரர் பங்கு கால் ஆயிடுச்சு பாருங்க, பழைய பத்திரத்துல அரைக்கால்னா எதுன்னு கேள்வி வருது, அதான் வம்பே."

கிளெமென்ட் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"பாதியா?"

"அப்படியும் படிக்கலாம். உங்களுக்கு எண்பது, அவங்களுக்கு எண்பது. ஆனா அவங்களே வீசம்னு சொல்றப்ப எங்களுக்கு என்ன? யார் எதுக்கு ஒத்துக்கிட்டாலும் கம்பெனிக்கு ஒண்ணுதான். ரெண்டு கையெழுத்து வேணும், அவ்வளவுதான்." அவன் தட்டைக் காலி செய்தான். "ரசம் பிரமாதம், மேடம்."

அவன் கார் கிளப்பிய புழுதி அடங்கியது. வெளியே பசுக்கள் கத்திக்கொண்டிருந்தன. கள்ளி வயிற்றை நிரப்புமே தவிரப் பசியைத் தீர்க்காது. மந்தையில் பாதியை வசந்த காலத்திலேயே ஏலத்துக்கு ஏற்றியாகிவிட்டது. மிச்சம் இருந்தவை இக்னாஸ் காலத்திலிருந்து வரும் வம்சம். வடக்கே நெப்ராஸ்காவிலிருந்து வைக்கோல் லாரி வரவழைத்தால் அவை பிழைத்து நிற்கும். வரவழைக்கக் கம்பெனி கை திறக்கவேண்டும். இல்லையென்றால் அடுத்த ஏலம்.

ஹெட்விக்தான் ஆரம்பித்தாள். "என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல."

"உன் ஒண்ணுமில்லய அம்பது வருஷமா பாக்கறேன். அவ கேட்டாளா? கேக்கல. அவ வாயாலயே பத்து ஏக்கர்ங்கறா. நீ எதுக்குக் குறுக்க போய் விழணும்?"

"அப்பா எப்பவும் 'நம்ம அரைக்கால்'னுதான் சொல்வாரு." கிளெமென்ட் என்னைப் பார்த்துச் சொன்னார், அல்லது நான் இருந்த திசையைப் பார்த்து. "எண்ணெய்ன்னு சொல்லமாட்டாரு. அடிமண்ணுன்னு சொல்லமாட்டாரு. 'நம்ம அரைக்கால் என்னைக்காவது வரும்டா'. முழுசும் நமக்குன்னு சாகற வரைக்கும் அவருக்குத் தெரியாது."

"சரி, தெரியாது. செத்துட்டாரு. மாடு உசுரோட நிக்குது."

"ஹெட்விக்."

"என்ன ஹெட்விக்? நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் உங்கப்பா சாப்பாட்டு மேஜையில அவ பேரை எடுக்கல. பாதி கொடுத்த மனுஷன் அப்படியா இருப்பாரு? லாம்பர்ட், நீ சொல்லு."

சாக்கை நனைக்கப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

அடுத்து வந்த நாட்களில் கிளெமென்ட் ஓரிடத்தில் நிற்கவில்லை. உச்சிவெயிலில் வேலி ஓரமாக நடப்பார். நன்றாக இருக்கும் கம்பியை முறுக்குவார். பாதி சுட்ட கள்ளியை விட்டுவிட்டு அடுத்த புதருக்குப் போவார். ஒருமுறை நெருப்பைப் பீய்ச்சிக்கொண்டே எங்கோ பார்த்து நின்றதில் மடல்கள் கொழகொழவென்று வெந்துவிட்டன. மாடுகளை நான்தான் விரட்டினேன்.

"கிளெமென்ட், குழாயை என்கிட்ட கொடுங்க."

கொடுத்தார். சாக்கை வாங்கிக்கொண்டார். சற்றுத் தூரம் போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவருக்குப் புடிச்சவன் நான்தான்னு இருந்தேன்டா."

நான் இரைச்சலை நிறுத்தினேன்.

"அவளுக்கு வீசம், எனக்கு மீதி எல்லாம். ரொம்பக் கஷ்டமான நாள்லகூட அது ஒண்ணு உள்ளுக்குள்ள இருக்கும். பூசைக்கு அவரு கல்லறையத் தாண்டிப் போறப்ப நிமிர்ந்து போவேன். இப்போ அந்தப் பய நூடுல்ஸ் தின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போறான், சரிபாதின்னு."

நான் மறுபடியும் குழாயைப் பற்றவைத்தேன். பசுக்கள் ஓடிவந்தன.

வெள்ளிக்கிழமைக்கு முந்தைய நாள் காலையில் அவர் என் வாசலில் நின்றார். தலையில் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி.

"வண்டி ஓட்டுறியா? எனக்கு ரோட்டுல கோடு தெரியல."

"எங்க?"

"வீசத்தோட வீட்டுக்கு."

போகும் வழியெல்லாம் லாரிகள். தண்ணீர் லாரி, மணல் லாரி, குழாய் லாரி. ஒவ்வொன்றும் தாண்டும்போது எங்கள் பழைய வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிரும். கிளெமென்ட் கைகளைத் தொடையில் வைத்து உட்கார்ந்திருந்தார். ரேடியோ போடவில்லை. ஹெட்விக்கிடம் சொன்னாரா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

தெக்லா முற்றத்தில் இருந்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் கொண்டுவந்து பீக்கன் மரத்தடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓட்டோ இறந்து வெகுகாலம் ஆகிறது. வான்கோழி ஆலையில் வருஷக்கணக்காக இறகு பிடுங்கியதில் மணிக்கட்டுகள் இரண்டும் புடைத்து, விரல்கள் பாதிதான் விரியும். வாளியை முழங்கை மடிப்பில் மாட்டித் தூக்கினாள்.

"யாரு செத்தா?" என்றாள் தம்பியைப் பார்த்ததும்.

"யாரும் சாகல."

"அப்புறம் எதுக்கு அந்தத் தொப்பி?" என் பக்கம் திரும்பினாள். "நீ லாம்பர்ட் தானே? உன் அப்பன் மூக்கு அப்படியே இருக்கு. பாவம்."

உள்ளே போகச் சொல்லவில்லை. மரத்தடியில் இரண்டு இரும்பு நாற்காலிகள் இருந்தன. வெயிலில் காய்ந்து உட்கார முடியாமல் சுட்டன. அவர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். நான் மரத்தில் சாய்ந்து நின்றேன்.

"அந்தக் கம்பெனிப் பையன் நாளைக்கு வரான்," என்றாள் தெக்லா. "கையெழுத்துப் போட்டுடறேன்னு சொல்லிட்டேன். உனக்கு அவசரம்னு சொன்னான். மாடு சாகுதாமே? என் வீசத்தை எடுத்துக்கிட்டு உங்களை நிம்மதியா விட்டுடறேன். அதுக்கா இவ்வளவு தூரம் வந்த?"

"போடாதே."

"என்னது?"

"வீசம்னு போடாதே. அது பாதி."

கிளெமென்ட் சொல்லத் தொடங்கினார். வெஸ்லி சொன்னதை அவன் அளவுக்குத் தெளிவாக இவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நூற்றறுபதில் ஆரம்பித்து, அரைக்காலுக்கு வந்து, நடுவில் குழம்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். தெக்லா முகத்தைச் சுருக்கிக் கேட்டாள். கடைசியில் அவர் கணக்கை விட்டுவிட்டார்.

"அப்பா எண்ணெயை என்னன்னு சொல்வாரு, ஞாபகம் இருக்கா?"

தெருவில் ஒரு லாரி போயிற்று. பிறகு இன்னொன்று.

"நம்ம அரைக்கால்," என்றாள்.

"அவருகிட்ட இருந்ததா அவரு நெனைச்சது அதுதான். அதுலதான் பாதி."

அவள் ஊற்றிய தண்ணீரை மண் இழுத்துக்கொண்டது, ஈரத்தின் நிறமும் மறைந்துவிட்டது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நாலு நாளா."

"அதுக்கு முன்னாடி?"

"நானும் வீசம்னுதான் நெனைச்சேன். சத்தியமா."

"நெனைச்சு சந்தோஷமா இருந்த."

"ஆமா," என்றார் கிளெமென்ட்.

தெக்லா தலையை ஆட்டினாள். "நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா நூத்தம்பது ஏக்கர் உனக்கு."

"ஆமா."

"ஹெட்விக் என்ன சொன்னா?"

"வாயைத் திறக்காதேன்னு சொன்னா."

"புத்திசாலி." அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "அவரைப் புதைச்ச அன்னைக்கு நான் வேலைக்குப் போனேன், கிளெம். சூப்பர்வைசர் லீவு தரேன்னான். வீசத்துக்கு லீவு வேண்டாம்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அன்னைக்குத்தான் எல்லா நாளையும்விட நிறைய உரிச்சேன்."

"தெக்லா..."

"இரு. அஞ்சல்ல அனுப்பினாரு அந்தப் பத்திரத்தை. ஒரு வரி எழுதல. பாதின்னு வாயால சொல்ல என்ன கேடு? பன்னெண்டு மைல் தூரம் வந்து, இந்த வாசல்ல நின்னு, 'பாதி உனக்கு'ன்னு சொல்லிட்டுப் போயிருந்தா ஓட்டோ என்ன அடிச்சா விரட்டியிருப்பான்? ஒரு காபி போட்டுக் கொடுத்திருப்பான். இப்போ நீ வந்து சொல்ற. நான் என்ன பண்ணணும்? ஆனந்தக் கண்ணீர் விடணுமா?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். பாதின்னு இருக்கற பேப்பர்ல கையெழுத்துப் போடு. நானும் போடறேன்."

"முடியாது."

கிளெமென்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்போ முடியாது. வீசம்னும் போடமாட்டேன், பாதின்னும் போடமாட்டேன். அந்த ஆள் மேல வெச்ச கோவத்துலதான் இந்த வீட்டைக் கட்டினேன், புள்ளைங்களை வளர்த்தேன், இந்தக் கையைத் தேய்ச்சேன். நீ வந்து கால் மணி நேரத்துல அதை உருவிட்டு, பேனாவைக் கொடுக்கற. எனக்குக் கொஞ்ச நாள் வேணும்."

"மாடு..." என்று நான் ஆரம்பித்தேன். கிளெமென்ட் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"எத்தனை நாள் வேணுமோ எடுத்துக்க," என்றார்.

அவள் காலி வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு நாங்கள் கிளம்பினோம். திரும்பும் வழியில் அவர் ஒரே ஒரு முறை பேசினார். ஏலத்துக்கு இழுத்துப்போக என் டிரெயிலர் கிடைக்குமா என்று கேட்டார்.

ஹெட்விக் அன்று எங்களுக்குச் சாப்பாடு வைத்தாள். கணவனிடம் பேசவில்லை. என்னிடம் மட்டும், "இன்னும் கொஞ்சம் போட்டுக்க. நீ ஒருத்தனாவது நல்லா இரு," என்றாள். அடுத்த வியாழக்கிழமை நாங்கள் பசுக்களை ஏற்றினோம். குழாய் இரைச்சலைக் கேட்டால் ஓடிவரும் என்பதால், கிளெமென்ட் டிரெயிலர் வாசலில் நின்று வெறும் நெருப்பைப் பீய்ச்சினார். எல்லாம் தாமாகவே ஓடிவந்து ஏறிக்கொண்டன. ஏலத்தில் எலும்பு விலைக்குப் போயின.

தெக்லா கையெழுத்துப் போட்டது டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால். பாதி என்று. வெஸ்லி ஹார்ப் பேப்பரைக் கொண்டுவந்தபோது அவனைச் சாப்பிடச் சொல்லாமல் ஹெட்விக் அனுப்பியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு முறைதான். பிப்ரவரியில் மழை பெய்தது. கிளெமென்ட் கண் ஆபரேஷன் செய்துகொண்டார். மாடு வாங்கவில்லை. கிணறு இரண்டு வருஷம் நன்றாக இறைத்தது, பிறகு தளர்ந்தது. அவருடைய எண்பதுக்கும் அக்காவின் எண்பதுக்கும் வரும் தொகை ஒரு பைசா வித்தியாசம் இல்லாமல் ஒன்றாகவே குறைந்தது. அவர் தூக்கத்தில் இறந்தார். அடக்கத்துக்குத் தெக்லா வந்தாள், கோயிலுக்குள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள், கல்லறைக்கு வராமல் காரிலேயே காத்திருந்தாள்.

ஹெட்விக் நிலத்தை எனக்கு மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு, தெக்லா இருக்கும் ஊருக்கே குடிபோனாள். இரண்டு தெரு தள்ளி. வாரத்தில் ஓரிரு நாள் இருவரும் சீட்டாடுவார்கள், சண்டை போடுவார்கள் என்று கேள்வி. வெஸ்லி வேறு மாநிலத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். தெக்லா போன வசந்தத்தில் இறந்தாள். ஓட்டோவின் பக்கத்தில், லுத்தரன் கல்லறையில் இருக்கிறாள். இக்னாஸ் எங்கள் கோயில் கல்லறையில் இருக்கிறார். எனக்குத் தெரிந்தவரை அவள் ஒருமுறைகூட அங்கே போனதில்லை.